பழைய அம்பாசடரில் லொடலொட சத்தம்: தேடிப் பிடித்து நிறுத்துவது எப்படி

பிரிட்டிஷ் காரான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-ஐ அடியொற்றி மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை செய்யப்பட்ட அம்பாசடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. பாடியே சட்டம். அதனால் பின் சக்கரத்துக்கு மேலே ஒரு வாஷர் தளர்ந்தால்கூட, அந்த ஆட்டம் தகடு வழியாக ஓடி வந்து டேஷ்போர்டுக்குள் கேட்கும். காது காட்டிய இடத்தில் ஸ்பேனரை வைப்பவர்கள் பாதி வண்டியைப் பிரித்த பிறகும் சத்தத்தைக் கண்டுபிடிப்பதில்லை. கடைசியில், "பழைய வண்டி, சத்தம் போடத்தான் செய்யும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ரப்பரும் ஃபெல்ட்டும் புதிதாக இருந்து, நட்டு போல்ட் ஒழுங்காக முடுக்கியிருந்தால் அம்பாசடர் மிக அமைதியாக ஓடக்கூடிய வண்டி.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எப்போது வருகிறது என்பதை முதலில் எழுதி வையுங்கள். என்ஜின் வேகத்தோடு மாறுகிறதா, சக்கர வேகத்தோடு மாறுகிறதா, பள்ளத்தில் மட்டும் வருகிறதா, கிளட்ச் விடும்போதா, பிரேக் போடும்போதா, வண்டி சூடான பிறகா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் தேடவேண்டிய இடம் வண்டியில் கால்வாசியாகக் குறைந்துவிடும்.

தொடங்கும் முன் வண்டியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, வீல் ஸ்பேனர், தண்ணீர் கேன், டேஷ் பெட்டியில் கிடக்கும் சில்லறை, சீட்டுக்கு அடியில் உருளும் பாட்டில் மூடி, கதவுப் பையில் உள்ள சாவி எல்லாம் வெளியே வரட்டும். ஸ்டெப்னியையும் கழற்றி இறக்கிவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். பல வண்டிகளில் சத்தம் இங்கேயே நின்றுவிடும்.

ஸ்பேனர் பற்றி ஒரு வார்த்தை. இந்த வண்டியின் பழைய போல்ட்கள் பெரும்பாலும் யு.என்.எஃப். அங்குல மரை. கால் அங்குல போல்ட்டுக்கு 7/16, ஐந்து-பதினாறுக்கு 1/2, மூன்று-எட்டுக்கு 9/16 ஸ்பேனர். 13 மி.மீ. ஸ்பேனர் 1/2 நட்டில் உட்காரத்தான் செய்யும். ஆனால் 0.3 மி.மீ. தளர்வு இருப்பதால் துருப்பிடித்த நட்டின் முனைகளை மழித்துவிடும். அங்குல ரிங் ஸ்பேனர் செட் ஒன்றை வாங்கிவிடுங்கள். கூடவே ரப்பர் சுத்தியல், நீளமான ஸ்க்ரூ டிரைவர், மாஸ்கிங் டேப், சாக்பீஸ், டார்ச், இரண்டு ஆக்சில் ஸ்டாண்ட், சக்கரத்துக்கு அடைகட்டை தேவை. வெறும் ஜாக்கியை நம்பி எக்காரணம் கொண்டும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

நான்கு சோதனைகள்

முதல் சோதனையில் வண்டி நின்றபடி இருக்க வேண்டும். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் போட்டு, ஐட்லிங்கிலிருந்து மெதுவாக ஆக்சிலரேட்டரை ஏற்றுங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் சத்தம் வந்து, அதற்கு மேலும் கீழும் அடங்கிவிட்டால், ஏதோ ஒரு பாகம் அந்த அதிர்வுக்கு ஒத்து ஆடுகிறது. கியர் லீவர், சைலன்சர், ஏர் கிளீனர் மூடி, நம்பர் பிளேட், பானட் ஆகியவைதான் வழக்கமான இடங்கள். அந்த வேகத்திலேயே ஆக்சிலரேட்டரைப் பிடித்துக்கொள்ள ஒருவர் இருந்தால், இன்னொருவர் ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பார்க்கலாம். கை வைத்ததும் எது அடங்குகிறதோ அதுதான். சுழலும் ஃபேன் பக்கம் மட்டும் கையும் துணியும் போகவே கூடாது.

இரண்டாவது, ஆளில்லாத நேரான ரோட்டில் 50 கி.மீ. வேகத்தில் நியூட்ரலுக்கு வந்து வண்டியை உருள விடுங்கள். என்ஜினை அணைக்க வேண்டாம். என்ஜின் வேகம் இறங்கியும் சத்தம் மாறவில்லை என்றால் காரணம் சக்கரம், பிரேக் டிரம், புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் தண்டு) ஆகியவற்றில் ஒன்று. 5.90-15 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.1 மீட்டர் போகும். 10 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஒன்றுக்குச் சற்று மேல், எண்ணிவிடக்கூடிய அளவில் 'டக்... டக்' என்று வந்தால் அது சக்கரத்தோடு சுற்றும் பொருள். வீல் கப், வீல் நட்டு, டயரில் குத்திய கல் ஆகியவற்றைப் பாருங்கள். ஷாஃப்ட் சக்கரத்தைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகச் சுற்றுவதால் அதன் கோளாறு எண்ண முடியாத அதிர்வாக, 'உர்ர்ர்' என்று வரும்.

மூன்றாவது, வேகத்தடை. அம்பாசடரின் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம், 2,464 மி.மீ. 10 கி.மீ. வேகத்தில் முன் சக்கரம் ஏறி, பின் சக்கரம் ஏற ஏறத்தாழ 0.9 நொடி ஆகும். இந்த இடைவெளியைக் காது நன்றாகவே பிரித்துக் கேட்கும். முதல் குலுக்கலில் சத்தமா, இரண்டாவதிலா என்று கவனியுங்கள். அதன் பிறகு ரோட்டோரப் பள்ளத்தில் இடப்பக்கச் சக்கரங்களை மட்டும், திரும்பி வரும்போது வலப்பக்கச் சக்கரங்களை மட்டும் இறக்கிப் பாருங்கள். டிக்கியில் ஆளை ஏற்றாதீர்கள். வாய்ஸ் ரெக்கார்டிங் போட்ட செல்போனைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தால் போதும். ஒவ்வொரு தடைக்கும் முன் "இப்போ" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே ஓட்டினால், பிறகு கேட்கும்போது இடம் குழம்பாது.

நான்காவது, முதல் கியரில் கிளட்ச் விடும்போதும், மெதுவாகப் போய்ப் பிரேக் அழுத்தும்போதும், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போதும் கேளுங்கள்.

ஓட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டியவை

பிரேக் போடும்போதோ ஸ்டீயரிங் திருப்பும்போதோ 'டொக்' என்று வந்தால், சக்கரம் சுற்றும்போது டக்டக் என்று வந்தால், மற்றதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு இதைப் பாருங்கள். வீல் நட்டுகளை முடுக்குங்கள். முன் பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங் தளர்வு. போகாவிட்டால் கிங்பின்னோ (முன் சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சு) அதன் புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் வந்தால் டை ராட் எண்டை (ஸ்டீயரிங் கம்பியின் முனை மூட்டு) சந்தேகியுங்கள். கிரீஸ் நிப்பிள்களில் புது கிரீஸ் ஏற்றினால் சத்தம் சில நாள் அடங்கும். தேய்ந்துபோன கிங்பின் அதனால் சரியாகிவிடாது. நன்றாக உள்ள கிங்பின்னுக்கோ, சுமார் 1,500 கி.மீ.க்கு ஒரு முறை கிரீஸ் அடிப்பதுதான் ஆயுள்.

லீவர் ஆர்ம் ஷாக் அப்சார்பர் (ஆர்ம் எனும் நெம்புகோலால் இயங்குவது) உள்ள பழைய வண்டிகளில் அதன் பாடியைப் பிடிக்கும் போல்ட் தளர்ந்தாலே சம்மட்டி அடி போலச் சத்தம் வரும். அது முடுக்கமாக இருந்தும் சத்தம் நிற்கவில்லை என்றால் லிங்க்கைக் கழற்றிவிட்டு ஆர்மைக் கையால் மெதுவாக ஆட்டுங்கள். பாதை முழுக்க ஒரே சீராகக் கனமாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் லேசாகப் போய் அப்புறம் பிடித்தால் உள்ளே ஆயில் குறைந்து காற்று புகுந்திருக்கிறது.

கதவுகள்

லொடலொட சத்தத்தில் பெரும்பங்கு கதவுகளுடையது. நான்கு கதவு, ஒவ்வொன்றிலும் கண்ணாடி, அதை ஏற்றி இறக்கும் வைண்டர், பூட்டுக் கம்பி, கீல் என்று ஆடக்கூடியவை பல. வண்டி ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு கதவையும் முழங்கையால் வெளிப்பக்கம் அழுத்தட்டும். அடங்கினால் கதவு உட்காரும் இடத்தில் கோளாறு. அழுத்தியும் அடங்காமல், கண்ணாடியைப் பாதி இறக்கினால் சத்தம் மாறுகிறது என்றால் கோளாறு கதவுக்குள் இருக்கிறது.

முதலில் கீல். கதவை ஓர் அடி திறந்து, பூட்டுப் பக்க முனையைப் பிடித்துத் தூக்குங்கள். 2 மி.மீ.க்கு மேல் மேலும் கீழும் ஆடினால் கீல் பின் தேய்ந்திருக்கிறது. பின்னை மாற்றாமல் லாக் தட்டை நகர்த்தினால் சத்தம் நிற்பது போலத் தோன்றும், ஒரு மாதத்தில் திரும்ப வரும். கதவும் தொங்கத் தொடங்கும். கீல் சரியான பிறகே தூணில் உள்ள லாக் தட்டுக்கு வாருங்கள். இப்போது அது இருக்கும் இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, திருகுகளைத் தளர்த்தி, ஒரு முறைக்கு 1 மி.மீ. மட்டும் உட்பக்கம் தள்ளி முடுக்குங்கள். சோதிக்க ஒரு துண்டுக் காகிதம் போதும். பீடிங்கின் (கதவோர ரப்பர் பட்டை) மேல் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால், கிழியாமல் ஆனால் இறுக்கமாக வர வேண்டும். கதவைச் சுற்றிப் பத்து இடத்தில் இப்படிச் செய்தால் பீடிங் எங்கே தட்டையாகிவிட்டது என்று தெரிந்துவிடும். கடையில் கிடைக்கும் சில பீடிங் கல் போல இருக்கும். விரலால் அழுத்தினால் பாதியாவது அமுங்கி உடனே எழும்பும் ரப்பராகப் பார்த்து வாங்குங்கள்.

கதவுக்குள் போக வேண்டுமானால் வைண்டர் கைப்பிடியையும் திறப்பான் கைப்பிடியையும் கழற்ற வேண்டும். கைப்பிடிக்குப் பின்னால் உள்ள வட்டத் தகட்டை உள்ளே அழுத்தினால் குறுக்குப் பின் தெரியும். மெல்லிய ஆணியால் அதைத் தட்டி எடுங்கள். கதவின் உட்பக்க அட்டையை விளிம்பில் நெம்பாதீர்கள், கிழிந்துவிடும். துணி சுற்றிய தட்டையான கருவியை ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்திலேயே விட்டு நெம்ப வேண்டும்.

உள்ளே அடியில் துருச் செதில்களும் எப்போதோ விழுந்த திருகுகளும் கிடக்கும். வாக்குவம் போட்டு எடுங்கள். கீழ் விளிம்பில் தண்ணீர் வடியும் ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். வைண்டர் மெஷினைப் பிடிக்கும் திருகுகள் ஒவ்வொன்றையும் எடுத்து, ஸ்ப்ரிங் வாஷர் போட்டு முடுக்குங்கள். பூட்டிலிருந்து கைப்பிடிக்குப் போகும் கம்பி தகட்டில் உரசும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபை நறுக்கிச் சுற்றினால் அருமையாக வேலை செய்யும். கம்பி தடையின்றி நகர்கிறதா என்று கதவைத் திறந்த நிலையிலேயே பூட்டை இயக்கிப் பாருங்கள்.

கண்ணாடியின் ஓரத்தைப் பிடித்து உள்ளும் புறமும் ஆட்டினால் தடதடவென்றால் சேனல் ஃபெல்ட் (கண்ணாடி ஓடும் தடத்தில் ஒட்டிய மெத்துப் பட்டை) தேய்ந்துவிட்டது. பழையதை முழுக்கச் சுரண்டி, துருவைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்துக் காய்ந்த பிறகு புதியதை ரப்பர் பசையால் ஒட்டுங்கள். வளைவில் ஃபெல்ட்டின் உட்பக்கச் சுவரில் சிறு வெட்டு கொடுத்தால் சுருக்கம் விழாது. ஒரு நாள் முழுக்கக் கண்ணாடியை ஏற்றியே வைத்திருங்கள். இனிமேல் அதற்கு எண்ணெய் விடாதீர்கள். எண்ணெயில் தூசி ஒட்டி, அதுவே கண்ணாடியைக் கீறும். கண்ணாடி கனமாக நகர்ந்தால் சிலிக்கான் ஸ்பிரே போதும். கண்ணாடியின் அடிவிளிம்பு உட்காரும் இரும்புச் சேனலில் ரப்பர் பட்டை சுருங்கியிருந்தால், மேலே என்ன செய்தாலும் 'டொக் டொக்' நிற்காது. அதையும் மாற்றுங்கள்.

கதவின் வெளித்தகடு வெறுமையாக ஒலித்தால், நடுப்பகுதியில் ஓர் அடிக்கு ஓர் அடி அளவில் தகட்டைச் சுத்தமாகத் துடைத்து, 2 மி.மீ. பியூட்டைல் ஷீட்டை (அதிர்வை அடக்கும் ஒட்டு ரப்பர்) அழுத்தி ஒட்டுங்கள். முழுக் கதவையும் மூட வேண்டியதில்லை. தேவையில்லாமல் எடை கூடி, கீல்தான் சுமக்கும்.

முன் கதவின் முக்கோணக் கண்ணாடி தனியாகக் கிணுகிணுக்கும். அதன் அடிப்பகுதியில் ஸ்ப்ரிங்கைப் பிடிக்கும் நட்டு இருக்கிறது. திறந்து விட்டால் காற்றில் தானே மூடாத அளவுக்கு அதை முடுக்கினால் போதும்.

சைலன்சர்: சூடானால் மட்டும் வரும் சத்தம்

காலையில் அமைதி, பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிய பிறகு தரைக்கு அடியில் கடகட. இது அநேகமாக எக்ஸாஸ்ட் குழாய். இரும்பு சூட்டில் நீளும். 2 மீட்டர் குழாய் சராசரியாக 200 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 5 மி.மீ. நீண்டுவிடும். குளிர்ந்த வண்டியில் 4 மி.மீ. இடைவெளி பார்த்து 'இடிக்கவில்லை' என்று முடிவு செய்வது இதனால்தான் தவறாகிறது. குளிர்ந்த நிலையில் குழாய்க்கும் தரைத் தகடு, பின் ஆக்சில், ஹேண்ட் பிரேக் கேபிள் ஆகியவற்றுக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும், 15 முதல் 20 மி.மீ. வரை. ஆக்சில் மேலே எழும்பும் தூரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடித்த இடம் பளபளவென்று தேய்ந்திருக்கும். தெரியாவிட்டால், சந்தேகப்படும் இடங்களில் தகட்டின் மேல் சாக்பீஸை அழுத்திப் பூசிவிட்டு ஓட்டி வாருங்கள். குழாய் பட்ட இடத்தில் சாக்பீஸ் அழிந்திருக்கும். முழுக்கக் குளிர்ந்த பிறகுதான் தொட வேண்டும்.

தொங்கு ரப்பர்களில் ஒன்று அறுந்தால் பாரம் மற்றதன் மேல் விழுந்து அதுவும் சீக்கிரம் போகும், ஆகவே எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். ரப்பருக்குப் பதில் கம்பி போட்டுக் கட்டுவது பெரிய தவறு. சத்தம் நின்றது போல இருக்கும், ஆனால் என்ஜினின் அதிர்வு முழுவதும் பாடிக்குள் ஏறி, குழாயின் வெல்டிங்கும் விண்டுபோகும். கிளாம்ப்களை முடுக்குவதற்கும் வரிசை உண்டு. எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, குழாயை இடைவெளி பார்த்து நிறுத்தி, என்ஜின் பக்கம் தொடங்கிப் பின்னோக்கி முடுக்கிக்கொண்டு வாருங்கள்.

வெளியே எல்லாம் சரி, ஆனாலும் ஓட்டை டப்பாவில் கல் போட்ட சத்தம் என்றால், சைலன்சரை ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். உள்ளே கலகலத்தால் தடுப்புத் தகடு கழன்றுவிட்டது. மாற்றுவதைத் தவிர வழியில்லை. என்ஜின் மவுண்டிங் ரப்பர் அமுங்கிப்போனாலும் குழாய் இறங்கி இடிக்கும். ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கையும் மிதித்து, முதல் கியரில் கிளட்சை லேசாக விட்டுப் பிடிக்கும்போது என்ஜின் எவ்வளவு சாய்கிறது என்று பக்கவாட்டில் நின்று ஒருவர் பார்க்கட்டும். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

கியர் லீவரும் ஷாஃப்ட்டும்

ஸ்டீயரிங் தண்டில் கியர் உள்ள வண்டிகளில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் 'ஜிர்ர்' என்று வரும் சத்தம் லீவரில் ஒரு விரலை வைத்ததும் நின்றுவிடும். கீழே கியர் பாக்ஸுக்குப் போகும் லிங்க்குகளின் பின்னும் புஷ்ஷும் தேய்ந்ததுதான் காரணம். பின், புஷ், ஸ்ப்ளிட் பின் மூன்றையும் சேர்த்து மாற்றி, கிரீஸ் வைத்து, பக்கவாட்டு ஆட்டத்துக்கு மெல்லிய ஸ்ப்ரிங் வாஷர் கொடுங்கள். கியர் விழுவதும் இதனாலேயே தெளிவாகும்.

நியூட்ரலில் ஐட்லிங் கடகட, கிளட்ச் மிதித்தால் நிற்கிறது என்றால் கியர் பாக்ஸ் பேரிங் பக்கம் பாருங்கள். மிதித்தால்தான் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங்.

கிளட்ச் விடும்போதும் ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுக்கும்போதும் 'டங்' என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸை (முனையில் உள்ள சிலுவை வடிவ மூட்டு) பாருங்கள். சக்கரங்களுக்கு அடைகட்டை வைத்து, நியூட்ரலில், ஷாஃப்ட்டை ஒரு கையாலும் யோக்கை (கிராஸைப் பிடிக்கும் கவை) மறு கையாலும் எதிரெதிராகத் திருகுங்கள். கிராஸுக்குள் ஆட்டம் சிறிதும் இருக்கக் கூடாது. கழற்றும் முன், போல்ட் போட்டு இணையும் ஃபிளாஞ்சுகள் இரண்டிலும் பெயிண்ட் குறி போடுங்கள். ஷாஃப்ட்டில் ஸ்பிளைன் (பல் வெட்டிய இணைப்பு) இருந்து, அதைப் பிரித்துச் சேர்க்கும்போது இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஒரு பல் தவறினாலும் புதிய கிராஸ் போட்ட வண்டி பழையதைவிட மோசமாக அதிரும்.

என்ஜின் முன் மூடியிலிருந்து சங்கிலிச் சத்தம் போல வந்தால், ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடத்துக்கு மிகாமல் ஓட்டிக் கேளுங்கள். நின்றால் டைனமோ அல்லது வாட்டர் பம்ப். நிற்காவிட்டால் டைமிங் செயின் நீண்டு மூடியில் அடிக்கிறது.

பின் கமான் பட்டை

பள்ளத்தில் இரண்டாவது குலுக்கலில் வரும் 'டொக்' பெரும்பாலும் இங்கிருந்துதான். ஆக்சிலோடு கமானைப் பிடிக்கும் யு-போல்ட் நட்டுகள், பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புகள், ஷாக்கிள் (கமான் முனையைப் பாடியோடு இணைக்கும் தட்டு) புஷ், ஷாக் அப்சார்பர் புஷ், இந்த வரிசையில் பாருங்கள். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று பக்கவாட்டில் விலகியிருந்தால் சென்டர் போல்ட் உடைந்திருக்கலாம். அது உடைந்தால் ஆக்சிலே நகர்ந்துவிடும், உடனே பட்டறைக்கு அனுப்புங்கள்.

புஷ் மாற்றும்போது பலரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுக்க முடுக்கிவிடுவார்கள். வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், சில மாதங்களில் கிழிந்துவிடும். தொங்கும்போது தளர்வாக மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் சற்று உருட்டி, எடை முழுக்கச் சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி முடுக்கு. ரப்பருக்கு என்ஜின் ஆயில், டீசல் எதுவும் பூசாதீர்கள். ஊதி மெத்தென்று ஆகிவிடும். உள்ளே தள்ள வழுக்கல் வேண்டுமென்றால் சோப்புத் தண்ணீரே போதும். இரும்புப் பட்டைகள் ஒன்றோடொன்று உரசிக் கிறீச்சிட்டால் கழுவிக் காயவைத்து கிராஃபைட் கிரீஸ் வைக்கலாம்.

மீதியுள்ளவை

பானட்டின் முன் மூலையை உள்ளங்கையால் அழுத்துங்கள். 2 மி.மீ.க்கு மேல் அமுங்கி எழுந்தால் ரப்பர் குமிழ்களை உயர்த்துங்கள், அல்லது லாக் பின்னை லாக் நட் தளர்த்தி அரைச் சுற்று குறையுங்கள். பேட்டரிக் கிளாம்ப், ஏர் கிளீனர், பம்பர் போல்ட், நம்பர் பிளேட் ஆகியவற்றை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் நான்கு மூலையிலும் சிறு ரப்பர் துண்டு வையுங்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் கை விடும் முன் பேட்டரி எர்த் வயரைக் கழற்றுங்கள். வேகத்தோடு கூடும் 'டிக் டிக்', ஸ்பீடோமீட்டர் முள்ளும் சேர்ந்து துடிக்கிறது என்றால் கேபிள் வறண்டுவிட்டது. உள் கம்பியை உருவித் துடைத்து லேசாகக் கிரீஸ் தடவுங்கள். மீட்டர் பக்கக் கடைசி ஓரிரு அங்குலத்துக்குத் தடவ வேண்டாம், கிரீஸ் மீட்டருக்குள் ஏறிவிடும்.

எல்லாம் முடிந்தும் கரடுமுரடான ரோட்டில் பாடி முனகினால், ஒரு மூலையை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கதவு இடைவெளியைப் பாருங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரிந்து மாறினால், கதவு ஒட்டிக்கொண்டால், தரையோ பக்கச் சட்டமோ துருவில் விட்டுப்போயிருக்கிறது. சேசிஸ் இல்லாத வண்டியில் இது எலும்பு முறிவு. பட்டியும் சீலன்ட்டும் ஃபோமும் திணித்து மறைக்க வேண்டாம். ஃபோம் ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவை வேகப்படுத்தும், அதோடு பின்னால் வெல்டிங் செய்யும்போது தீப்பிடிக்கும். துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யத் தெரிந்த டிங்கரிடம்தான் போக வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்து, அதே ரோட்டில், அதே வேகத்தில் ஓட்டிக் கேளுங்கள். மூன்றை ஒன்றாகச் செய்தால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. முடுக்கிய நட்டுகளில் பெயிண்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். 500 கி.மீ. ஓடிய பிறகு வண்டிக்கு அடியில் டார்ச் அடித்தால், கோடு விலகிய நட்டு எது என்று ஒரே பார்வையில் தெரியும். யு-போல்ட்டும் எக்ஸாஸ்ட் கிளாம்ப்பும் எப்படியும் ஒரு முறை மறுமுடுக்கு கேட்கும்.